ஷெட்டில் கிடக்கும் ரேஸ் கார் யாருடையது? மூலம் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள். பழைய ரேஸ் காருக்கு அந்தப் பேச்சு உதவாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் என் பட்டறைக்கு வருடத்தில் மூன்று நான்கு பேராவது போனில் ஒரு படத்தோடு வருவார்கள். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில், சக்கரம் இல்லாத நீளமான ஒரு வண்டி. "அங்கிள், இது ஜிம் கிளார்க் ஓட்டினதாம்." சில சமயம் ஜான் லவ். ஒரு தடவை ஸ்டிர்லிங் மாஸ். எல்லாம் அந்தக் காலத்துப் பெரிய ரேஸ் ஓட்டுநர்கள்.

பெரும்பாலும் அது அந்த வண்டி இல்லை. ஆனால் "இல்லை" என்று சொல்லவும் "ஆமாம்" என்று சொல்லவும் ஒரே அளவு வேலைதான். புதியவர்கள் இதில் தடுக்கி விழுவது விவரம் போதாமல் இல்லை, வரிசை மாறுவதால். பெயரைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வருகிறார்கள். வண்டியைப் பிடித்துக்கொண்டு பெயரை நோக்கிப் போகவேண்டும்.

வழி நெடுக ஒரே வண்டியை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஹோவிக் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கிடந்தது. முன்மூக்கில் பச்சை பெயிண்ட், நடுவில் மஞ்சள் கோடு. "1961-இல் வெஸ்ட்மீடில் கிளார்க் ஜெயித்த லோட்டஸ்" என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்த வண்டி.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று. தாள் தாளாக எழுதினால் ஆறு மாதத்தில் பாதி காணாமல் போகும். நல்ல டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது மாதிரிச் சின்னக் கண்ணாடி, காந்தம், வெர்னியர், இரும்பு அளவுகோல், மெல்லிய வெள்ளைத் தாள், மென்மையான பென்சில்.

உரிமையாளரிடமிருந்து கையெழுத்திட்ட ஒரு கடிதமும் வேண்டும்: வண்டியைப் பார்க்கவும், படம் எடுக்கவும், கண்டதை எழுதவும் சம்மதம் என்று. இதை முதல் நாளே வாங்குங்கள். விடை பிடிக்காமல் போனபிறகு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

காலம்: குறைந்தது எட்டு மாதம். வாரக் கடைசியில் மட்டும் செய்தால் ஒன்றரை வருடம்.

1. சொல்லும் கதையை ஒரே வரியில் எழுதி மூடிவையுங்கள்

யார் ஓட்டியது, எந்த மாடல், எந்த ஓட்டம், எந்த வருடம். நான்கும் இருக்கவேண்டும். ஹோவிக் வண்டிக்கு நான் எழுதியது: "ஜிம் கிளார்க், லோட்டஸ் 21, நேட்டால் கிராண்ட் பிரி, வெஸ்ட்மீட், 1961 டிசம்பர்."

ஏன் இப்படி? "பெரிய ஆள் ஒருவர் ஓட்டினார்" என்பதை யாராலும் தப்பென்று காட்டமுடியாது. தப்பென்று காட்ட முடியாததைச் சரியென்றும் காட்டமுடியாது. நான்கு விவரம் இருந்தால் நான்கு இடத்தில் உரசிப் பார்க்கலாம்.

இந்தக் கதை முதல் உரசலிலேயே விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பைன்டவுன் பக்கத்தில் இப்போது தொழிற்பேட்டையாக இருக்கும் வெஸ்ட்மீடில் அந்த டிசம்பரில் நேட்டால் கிராண்ட் பிரி நடந்தது. கிளார்க் ஜெயித்தார். ஓட்டியது லோட்டஸ் 21. அதே மாடலில் இரண்டு வண்டி 1962 டிசம்பர் 29 அன்று ஈஸ்ட் லண்டன் ஓட்டத்தில் நம் நாட்டு ஓட்டுநர்கள் நெவில் லெடர்லே, எர்னஸ்ட் பீட்டர்ஸெ கையில் இருந்தன. ஆகவே ஒரு லோட்டஸ் 21 இங்கே தங்கிப்போக வழி உண்டு. பொய்க் கதை என்றாலும் பக்கத்திலேயே ஒரு மெய் நின்றுகொண்டிருக்கும். ஆட்கள் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

எழுதியாயிற்றா? நோட்டை மூடுங்கள். அடுத்த மூன்று படி முடியும்வரை அந்த வரியைத் திறக்கவேண்டாம்.

2. துடைக்காதீர்கள்

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என் தப்பு. பல வருடம் முன்னால் ஒரு வண்டி பட்டறைக்கு வந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால், பையனிடம் பெட்ரோலும் துணியும் கொடுத்து டாஷ்போர்டைத் துடைக்கச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பலகை பளபளவென்று இருக்கிறது. ஓரத்தில் கிரீஸ் பென்சிலால் யாரோ எழுதிவைத்திருந்த கியர் விகிதங்களும் ஒரு தேதியும் துணியில் கரும்பிசினாக இருக்கின்றன. அந்தத் தேதி என்ன என்று இன்றுவரை தெரியாது.

முதல் நாள் படம் மட்டும். முன், பின், இரண்டு பக்கம், மேல், அடி. பிறகு ஒவ்வொரு சாணாக நகர்ந்து எல்லாவற்றையும், ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரிய. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு தடவை, நேராகப் பிடித்து ஒரு தடவை. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அழிக்கப்பட்ட எண்ணின் பள்ளம் நிழலாகத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் பெயிண்ட். உரிமையாளர் சம்மதத்தோடு, சீட்டுக்கு அடியிலோ டாஷுக்குப் பின்னாலோ, ஐந்து சென்ட் காசு அளவுக்கு மிக மெல்லிய நீர் எமரி காகிதத்தால் தேயுங்கள். மரத்தின் வளையம் மாதிரி நிறங்கள் ஒன்றன் உள் ஒன்றாக வரும். வெளியிலிருந்து உள்ளே எண்ணி எழுதுங்கள்.

ஹோவிக் வண்டியில் வெளியே பச்சை. அதற்கு அடியில் வெள்ளை, பிறகு நீலம், பிறகு சிவப்பு, பிறகு வெறும் ஃபைபர் கிளாஸ். அடிவரைக்கும் வேறு பச்சையே இல்லை. லோட்டஸ் அணியின் வண்டிகள் பச்சையில் வந்தவை. முதல் நிறமாக இருக்கவேண்டியது கடைசி நிறமாக இருந்தது. இது தீர்ப்பு ஆகாது. பாடியை மாற்றியிருக்கலாம், ரேஸ் வண்டியில் மூக்கு அடிக்கடி உடையும். அதனால் "பாடியில் பழைய பச்சை இல்லை" என்று மட்டும் எழுதினேன்.

3. எண்களை எடுங்கள், நம்பாதீர்கள்

சேசிஸ் தகடு, எஞ்சின், கியர்பாக்ஸ். எண் எங்கெல்லாம் குத்தியிருக்கிறதோ அங்கெல்லாம் தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். படத்தில் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும், உரசலில் தெரியாது.

மூன்றிலும் பலவீனமானது தகடுதான். புதியவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் அதைத்தான். தகடு என்பது இரண்டு ரிவெட். அந்தக் காலத்தில் அணிகள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வண்டியைக் கொண்டுபோக கார்னே என்ற சுங்கக் காகிதம் வைத்திருந்தன. அதில் எழுதிய எண்ணுள்ள வண்டி திரும்ப வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் வரி கட்டவேண்டும். வேறு வண்டியை அனுப்பவேண்டி வந்தால் மெக்கானிக் என்ன செய்வார்? தகட்டைக் கழற்றி மாட்டிவிடுவார். அவர் கண்ணில் அது மோசடியே இல்லை, புதன்கிழமை வேலை.

ஆகவே தகட்டில் எண்ணைவிட ரிவெட்டைப் பாருங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? பக்கத்தில் பயன்படாத துளை இருக்கிறதா? தகட்டுக்கு அடியிலும் பெயிண்ட் இருக்கிறதா, தகட்டைச் சுற்றி மட்டும்தானா? அடியிலும் இருந்தால் அது பெயிண்டுக்குப் பிறகு வந்த தகடு.

எஞ்சின் எண் எஞ்சினின் கதையைத்தான் சொல்லும். ரேஸ் காருக்கு எஞ்சின் சட்டை மாதிரி. ஒரு சீசனில் மூன்று தடவை மாறும், விற்கும்போது கழற்றித் தனியாக விற்பார்கள். கோவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின் இருப்பதால் அது ஃபார்முலா 1 வண்டி ஆகிவிடாது, இல்லாததால் ஆகாமலும் போகாது.

4. மாடலை எலும்பைக் கொண்டு முடிவுசெய்யுங்கள்

பாடி பொய் சொல்லும், பெயிண்ட் பொய் சொல்லும், தகடு பொய் சொல்லும். சேசிஸ் குழாயும் சஸ்பென்ஷன் பிடிமானமும் பொய் சொல்வது கஷ்டம், ஏனென்றால் அதை மாற்றப் பணமும் பெரிய வேலையும் வேண்டும்.

லோட்டஸ் 21 ஃபார்முலா 1 வண்டி. அதே காலத்து லோட்டஸ் 20, 22 இரண்டும் ஃபார்முலா ஜூனியர் என்ற கீழ்வகுப்பு, சின்ன ஃபோர்டு எஞ்சின் வைத்தவை. மூன்றும் குழாய்ச் சட்டகம், மூன்றும் சுருட்டு மாதிரி உருவம். பத்தடி தள்ளி நின்றால் அண்ணன் தம்பிதான். கிட்டே போய் முன்சக்கரத்தைப் பாருங்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வெளியே காற்றில், சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் சாய்ந்து நிற்கின்றனவா? அது 20 அல்லது 22. ஸ்பிரிங் பாடிக்கு உள்ளே ஒளிந்திருந்து, மேல்கை துலாக்கோல் மாதிரி அதை அழுத்துகிறதா? அது 21.

ஹோவிக் வண்டிக்கு ஸ்பிரிங் இல்லை, எவனோ கழற்றியிருந்தான். ஆனால் மேல் பிடிமானக் காது சட்டகத்தின் வெளிப்பக்கம் நின்றது, உள்ளே துலாவுக்கு இடமே இல்லை. குழாயைச் சுற்றி வந்த பழைய பிரேஸிங், அதாவது பித்தளை உருக்கி ஒட்டியது, அப்படியே, வெட்டி ஒட்டிய தடம் எதுவும் இல்லை. நாற்பது நிமிடத்தில் கிளார்க் இறங்கிப் போய்விட்டார்.

அங்கேயே நிறுத்திவிடலாமே என்பீர்கள். பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள், வண்டி திரும்பவும் தார்ப்பாய்க்கு அடியில் போகிறது. கிளார்க் வண்டி இல்லை என்று தெரிந்தது சரி, அப்படியானால் யாருடைய வண்டி? கேள்வியே இப்போதுதான் தொடங்குகிறது.

நம் நாட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை. ஜொகன்னஸ்பர்க் பக்கம் ஆல்பர்ட்டனில் டக் செரூரியர் எல்டிஎஸ் என்ற பெயரில் வண்டிகள் கட்டினார். முதலில் இங்கிலாந்தின் கூப்பர் காரின் பாணியில், பிறகு பிரபம் பாணியில். ஆகவே "கூப்பர்" என்று வருவது எல்டிஎஸ் ஆக இருக்கலாம். அது கீழான பதில் இல்லை, என்னைக் கேட்டால் அதைத் தேடுவதுதான் சுவாரசியம்.

5. கைமாறிய வரிசையை இன்றிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

நோட்டில் நான்கு பத்தி: எந்தத் தேதியிலிருந்து எதுவரை, யாரிடம், என்ன ஆதாரம், ஆதாரத்தின் தரம். முதல் வரி இன்றைய உரிமையாளர். அதற்குக் கீழே அவருக்குக் கொடுத்தவர். அப்படியே இறங்குங்கள்.

ஏன் பின்னோக்கி? புகழ்பெற்ற ஓட்டுநரிடமிருந்து முன்னோக்கி வந்தால் ஒவ்வொரு முச்சந்தியிலும் நமக்குப் பிடித்த பாதைதான் கண்ணில் படும். "பிறகு இது நேட்டாலுக்கு வந்திருக்கலாம்" என்ற ஒரு "லாம்" போதும், மொத்தமும் சாயும். பின்னோக்கிப் போகும்போது சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே நீங்கள் நின்றாகவேண்டும்.

தரத்தை நான் மூன்றாக வைத்திருக்கிறேன். அந்த நேரத்திலேயே, இந்த வண்டியால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவர் எழுதிய காகிதம் முதல் தரம். அந்தக் காலத்துப் புகைப்படமும், சம்பந்தப்பட்டவரே எழுதிய ரசீதும் இரண்டாம் தரம். பிறகு நினைவிலிருந்து சொன்னது எல்லாம் மூன்றாம் தரம், சொன்னவர் எவ்வளவு பெரியவரானாலும்.

ரேஸ் காருக்கு சாலைப் பதிவு கிடையாது. ஆகவே வாகனப் பதிவு அலுவலகத்தில் நின்று காலத்தை வீணாக்காதீர்கள். நேட்டாலில் எனக்கு அதிகம் பலன் தந்தது இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள். ஒருவர் இறந்தால் அவர் விட்டுப்போனதைப் பட்டியல் போட்டு உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். பழைய கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் கணினிப் பட்டியலில் பெயர் போட்டுத் தேடினால் கோப்பு எண் கிடைக்கும். மேசை, நாற்காலி, இரண்டு பசு, "ஒரு ரேஸிங் கார், ஓடாத நிலை" என்று ஒரு வரி இருக்கும். அதுதான் முதல் தரம்.

இங்கே புதியவர்கள் செய்யும் தப்பு, காப்பகத்தில் ஓட்டுநர் பெயரைத் தேடுவது. கிளார்க் பெயரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் என்ன இருக்கப்போகிறது? வண்டியை வாங்கியவர், கடன் கொடுத்தவர், கராஜ் வைத்திருந்தவர், இவர்கள் பெயரைத் தேடுங்கள்.

6. ரசீதையும் கடிதத்தையும் சோதியுங்கள்

நல்ல விலை வரும் என்று தெரிந்தால் நல்ல காகிதமும் வந்துவிடும். என்னிடம் ஒருவர் 1960 என்று தேதியிட்ட விற்பனை ரசீதைக் காட்டினார். விலை ராண்டில் போட்டிருந்தது. ராண்ட் புழக்கத்துக்கு வந்தது 1961 பிப்ரவரி 14 அன்று. அதற்கு முன்னால் பவுண்டு, ஷில்லிங். அவர் பாவம், அதற்கு நிறையக் கொடுத்து வாங்கியிருந்தார்.

இதுபோல இன்னும் சில கணுக்கள். இந்த நாடு குடியரசானது 1961 மே 31. அதற்கு முந்தைய அரசுக் காகிதத்தில் "யூனியன்" என்று இருக்கவேண்டும். நான்கு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது 1973-இல். 1968 கடிதத்தின் தலைப்பில் அது அச்சாகியிருந்தால் கடிதம் 1968-இல் பிறக்கவில்லை.

முகவரியையும் பாருங்கள். எந்த இனத்தவர் எங்கே இருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் 1950-இல் வந்தபிறகு நம் இந்திய ஆட்களின் கடைகளும் பட்டறைகளும் பல இடத்தில் பெயர்க்கப்பட்டன. என் அப்பா வேலை பார்த்த பட்டறை ஊர் நடுவிலிருந்து வெளியே போனது அப்படித்தான். போன வருடம் தெரிந்தால் பழைய முகவரி போட்ட ரசீதுக்கு ஒரு கடைசி எல்லை கிடைக்கிறது. அந்தச் சட்டம் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான்.

7. ஓட்டப் பதிவுகளில் தேதியைக் கவனியுங்கள்

தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரி வருடக் கடைசிக்கும் புதுவருடத்துக்கும் நடுவில் தத்தளித்த ஓட்டம். 1960-இல் இரண்டு தடவை நடந்தது: ஜனவரி 1 அன்று பால் ஃப்ரேர் ஜெயித்தார், டிசம்பர் 27 அன்று மாஸ் ஜெயித்தார். 1963-க்கான ஓட்டம் டிசம்பர் 28, அதற்கு அடுத்தது 1965 ஜனவரி 1. நடுவில் 1964 முழுக்க ஒன்றுகூட இல்லை. ஆகவே "1964 கிராண்ட் பிரியில் ஓடிய கார்" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், எந்த ஓட்டத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்து வருடமாக இருக்கும், அல்லது வேறு ஊர் ஓட்டமாக.

அச்சிட்ட நிகழ்ச்சிப் புத்தகத்தை முடிவாக எடுக்காதீர்கள். அது ஓட்டத்துக்கு முன்னமே அச்சுக்குப் போனது. வராத வண்டி அதில் இருக்கும், கடைசி நாள் வந்தது இருக்காது. மறுநாள் நாளிதழில் வந்த முடிவோடு ஒப்பிடுங்கள். டர்பனின் மெர்குரி, டெய்லி நியூஸ், எங்கள் ஊர் விட்னஸ், மூன்றையும் பாருங்கள். ஒன்றில் விட்டது இன்னொன்றில் இருக்கும்.

வண்டியின் பக்கத்தில் உள்ள ஓட்ட எண்ணும் நிரந்தரம் இல்லை. 1961 டிசம்பரில் கியாலாமி, வெஸ்ட்மீட், ஈஸ்ட் லண்டன், பிறகு ஜனவரியில் கில்லார்னி என்று நான்கு வாரத்தில் நான்கு ஓட்டம். ஒவ்வோர் இடத்திலும் எண்ணை ஒதுக்கியது வேறு குழு. "இந்த வண்டிக்கும் அதே எண்" என்பது ஆதாரமே இல்லை.

8. படத்தில் வண்டியை விட்டுப் பின்னணியைப் படியுங்கள்

படம் கிடைத்ததும் எல்லோரும் வண்டியைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பின்னால் நிற்கும் பக்கியின், அதாவது பின்பக்கம் திறந்த சின்ன லாரியின், நம்பர் பிளேட்டை. என்டி என்றால் டர்பன், என்பி எங்கள் ஊர், என்பிஎன் பைன்டவுன், டிஜே ஜொகன்னஸ்பர்க், சிஏ கேப் டவுன். ரேஸ் காருக்குப் பிளேட் இல்லை, அதை இழுத்துவந்த வண்டிக்கு உண்டு. ஒரே பக்கி இரண்டு படத்தில் வந்தால் உரிமையாளரை நெருங்கிவிட்டீர்கள்.

அடுத்தது, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிடுவது சாதாரணம். விளம்பரப் பலகை எழுத்து, ஓட்டுநரின் கைக்கடிகாரம், எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கம் மூன்றையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகுதான் வண்டி. மாறக்கூடியதை விட்டுவிட்டு மாறாததை ஒப்பிடுங்கள்: ரிவெட் வரிசையின் இடைவெளி, கையால் வெட்டிய காற்றுத்துளையின் கோணல், ஒட்டுப்போட்ட இடம். தொழிற்சாலையில் ஒரே அச்சில் வந்த இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரிக் காயம் இருக்காது.

பத்திரிகைப் படங்கள் கிடைக்காத இடத்தில் நம் வீட்டு ஆல்பங்கள் இருக்கின்றன. எங்கள் ஊர் ராய் ஹெஸ்கெத் ரேஸ் மைதானம் 1981-இல் மூடும்வரை ரெய்ஸ்தோர்ப், நார்த்டேல் பகுதிகளின் நம் குடும்பங்கள் பிரியாணிப் பானையோடு ஓட்டம் பார்க்கப் போனவர்கள். வெள்ளையர் உட்காரும் இடத்தில் எங்களுக்கு இடம் இல்லை. ஆகவே எங்கள் கேமரா நின்ற இடமும் வேறு. பத்திரிகைக்காரர் எடுத்த அதே வண்டியின் மறுபக்கம் யாரோ ஒரு சித்தியின் கல்யாண ஆல்பத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். கேட்டால் காட்டுவார்கள். படத்தை எடுத்துப்போக மட்டும் கேட்காதீர்கள், அங்கேயே போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. பெரியவர்களிடம் கேட்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்

இந்தப் படியை இவ்வளவு பின்னால் வைக்கவும் காரணம் இருக்கிறது. முன்னாலேயே போனால் என்ன கேட்பதென்று தெரியாது. இன்னொன்று, அவர்கள் சொல்வதைக் கேட்டபிறகு உங்கள் கண் அதைத்தான் பார்க்கும்.

புதியவர்கள் போனை நீட்டி, "தாத்தா, இது கிளார்க் ஓட்டின லோட்டஸ்தானே?" என்று கேட்கிறார்கள். தாத்தாவும் பேரப்பிள்ளை மனம் நோகக்கூடாதென்று "ஆமாம்பா, அப்படித்தான் இருக்கு" என்பார். போச்சு. இனி அவர் சாட்சி உதவாது, ஏனென்றால் விடையை நீங்களே ஊட்டிவிட்டீர்கள்.

ஹோவிக் வண்டிக்காக நார்த்டேலில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டியவர், அந்தக் காலத்தில் வெல்டர். வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. முழுப் படமும் காட்டவில்லை. வலப்பக்க முன்குழாயில் ஒரு முக்கோண ஒட்டு இருந்தது, அதை மட்டும் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோனேன். முதலில் டீ, பிறகு காவடி எப்படி நடந்தது என்ற பேச்சு, பிறகு யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கு. முக்கால் மணி நேரம் கழித்துப் படத்தை மேசையில் வைத்தேன்.

கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, படத்தை மூக்குக்கிட்டக் கொண்டுபோனார். கட்டைவிரலால் அந்த ஒட்டின் ஓரத்தைத் தடவினார், காகிதத்தில் மேடு தட்டும் என்கிற மாதிரி.

"இது கட்டில் இரும்பு, தம்பி."

"எப்படித் தெரியும்?"

"தகடு கிடைக்கல. சனிக்கிழமை சாயங்காலம். எங்க வீட்டுக் கட்டில் காலை அறுத்துப் போட்டேன். அம்மா என்னைத் திட்டின திட்டு!" படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "இந்த மூலையில பித்தளை வழிஞ்சிருக்கு பார். சிலிண்டர்ல காஸ் தீர்ந்துபோச்சு. நான் அதை அரம் போட்டிருக்கணும். லானி நிக்கிறாரு, விடியக்காலையில ஹெஸ்கெத்துக்குப் போகணும்னு." லானி என்றால் எங்கள் பேச்சில் முதலாளி.

எந்த வருடம் என்று நேராகக் கேட்காதீர்கள். நினைவு நாட்காட்டியில் நிற்காது, குடும்பத்தில் நிற்கும். "உங்கள் பிள்ளைகள் பிறந்தாச்சா அப்போ?" என்றேன். மூத்த பெண் மூன்று மாதக் குழந்தை என்றார். அவர் மகளே உள்ளே இருந்து அடையாள அட்டையை எடுத்துவந்து காட்டினார். 1966. அந்த வருட நாளிதழ்களில் ஹெஸ்கெத் ஓட்டங்களை மட்டும் புரட்டினேன். பயிற்சியின்போது மேட்டில் மோதிய ஒரு ஃபார்முலா ஜூனியர் வண்டியைப் பற்றி இரண்டு வரி இருந்தது, உரிமையாளர் பெயரோடு. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போனேன். சொத்துக் கோப்பு கிடைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வெல்டரின் பெயர் எந்த நிகழ்ச்சிப் புத்தகத்திலும் இல்லை, எந்த ரசீதிலும் இல்லை. நுழைவுப் படிவத்தில் உரிமையாளர், ஓட்டுநர் இரண்டு பெயருக்குத்தான் கோடு போட்டிருந்தார்கள். வண்டியில் கைவைத்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று காகிதம் சொல்லாது. ஒட்டு சொல்லும்.

10. இன்னொரு வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள்

வேலை முடிந்தது என்று தோன்றும் நேரத்தில் இதைச் செய்யுங்கள். அதே எண்ணோடு உலகத்தில் வேறு வண்டி இருக்கலாம். மோதிய வண்டியின் சட்டகத்தைத் தூக்கிப்போட்டுப் புதுச் சட்டகத்தில் பழைய தகட்டை மாட்டியிருப்பார்கள். முப்பது வருடம் கழித்து யாரோ பழைய சட்டகத்தைக் குப்பையிலிருந்து எடுத்து இன்னொரு வண்டி கட்டியிருப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. லோட்டஸ் என்றால் இங்கிலாந்தில் பழைய லோட்டஸ் பதிவேடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். உங்கள் முடிவைச் சொல்லாமல் எண்ணையும் படங்களையும் மட்டும் அனுப்புங்கள்.

எது "அந்த" வண்டி என்பதில் 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் ஜெயித்த பென்ட்லி "ஓல்டு நம்பர் ஒன்". ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தபிறகு, இது அசல் வண்டி இல்லை என்று வாங்குகிறவர் பின்வாங்கினார். அசல் பாகம் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது உண்மைதான். ஆனால் வண்டி மாறி மாறி வந்தாலும் அதன் வாழ்க்கை அறாமல் தொடர்ந்தது, ஆகவே அதுவே அந்த வண்டி என்று நீதிபதி முடிவுசெய்தார். ஐந்தாம் படியின் சங்கிலி ஏன் உயிர் என்று இப்போது புரியும். பாகம் போனாலும் சங்கிலி காப்பாற்றும்.

11. அறிக்கை எழுதுங்கள்

நான்கு சொல்லுக்குள் எழுதுங்கள்: உறுதி, பெரும்பாலும், இருக்கலாம், ஆதாரமில்லை. ஒவ்வொரு வரிக்கும் இதில் ஒன்று. "நிச்சயமாக இருந்திருக்க வாய்ப்புண்டு" மாதிரி இரண்டு குதிரையில் சவாரி வேண்டாம். உங்கள் முடிவுக்கு எதிராக உள்ளதையும் அதே பக்கத்தில் போடுங்கள். நீங்கள் மறைத்ததை வாங்குகிறவரின் ஆள் கண்டுபிடித்தால் மற்ற எதையும் நம்பமாட்டார்.

உலக மோட்டார் கூட்டமைப்பு தரும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டைக் காட்டி "மூலம் நிரூபணம் ஆகிவிட்டது" என்று சொல்கிறவர்கள் அதிகம். அந்தப் பாஸ்போர்ட் சொல்வது, வண்டி அந்தக் காலத்து அமைப்பில் இருக்கிறது, பழைய கார் ஓட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்பது மட்டும். யார் ஓட்டியது, அசலா என்பதற்கு அது பொறுப்பேற்காது.

வண்டி நாட்டைவிட்டுப் போவதாக இருந்தால், 1999-ஆம் வருடத்துத் தேசிய பாரம்பரிய வளச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டுமா என்று பாரம்பரிய வள முகமையிடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள். கப்பல் பதிவுசெய்தபிறகு கேட்பது தாலி கட்டியபிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

ஹோவிக் வண்டிக்கு என் அறிக்கை ஒன்பது பக்கம். லோட்டஸ் ஃபார்முலா ஜூனியர், உறுதி. 1966-இல் ஹெஸ்கெத்தில் மோதிப் பழுதுபார்த்தது, பெரும்பாலும். கிளார்க், ஆதாரமில்லை. உரிமையாளர் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு ஒரு மாதம் போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியை டிரெய்லரில் ஏற்றி நார்த்டேலுக்குக் கொண்டுவந்தார். பெரியவரைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிவந்தோம். வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை அவர். நேராக முன்குழாய்க்குக் குனிந்தார், வழிந்த பித்தளையை நகத்தால் சுரண்டினார், மகளைப் பார்த்து அரம் இருந்தால் எடுத்துவா என்றார்.